போர்க்கப்பல் இல்லாத ஹூதிகள் செங்கடலை அடைத்தது எப்படி?

கேள்வி இது: "ஏமனின் ஹூதிகளிடம் சொல்லிக்கொள்ளும்படி ஒரு போர்க்கப்பல்கூடக் கிடையாது. எதிரே அமெரிக்கா, பிரிட்டன், ஐரோப்பியக் கடற்படைகள். அப்படியிருந்தும் கப்பல்கள் சூயஸை விட்டுவிட்டு ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு போனது எப்படி? இதெல்லாம் ஈரான் பின்னாலிருந்து ஆட்டுவிப்பதுதானா?"

ஹூதிகள் என்பது ஏமன் தலைநகர் சனாவைப் பிடித்து வைத்திருக்கும் ஆயுத இயக்கம். காஸாவுக்காக என்று சொல்லி 2023 இறுதியிலிருந்து செங்கடலில் கப்பல்களைத் தாக்கினார்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. முதலாவதற்கு என் தொழிலை வைத்தே பதில் சொல்லிவிடலாம். நான் தூத்துக்குடியில் ஏற்றுமதிச் சரக்கு அனுப்பும் வேலையில் இருக்கிறேன். ஏவுகணையைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் படித்துத் தெரிந்ததுதான். ஃப்ரெய்ட்டைப் (கப்பல் சரக்குக் கட்டணம்) பற்றித் தெரிந்தது கையைச் சுட்டுக்கொண்டு தெரிந்தது.

2024 ஜனவரி. அதுவரை ஐரோப்பாவுக்கு ரேட் கேட்டால் மாதக் கடைசிவரை செல்லும் என்று எழுதிக் கொடுப்போம். அந்த மாதம் காலையில் கொடுத்த ரேட்டைச் சாயங்காலம் காப்பாற்ற முடியவில்லை. கப்பல் கம்பெனிகளிடமிருந்து ஒரு மெயிலில் எமர்ஜென்சி சர்சார்ஜ் என்ற கூடுதல் கட்டணம், அடுத்த மெயிலில் பீக் சீசன் சர்சார்ஜ். திருப்பூரிலிருந்து வழக்கமாகப் பனியன் அனுப்பும் ஒருவர் போன் செய்தார். "ஏனுங்க, அவன் சுடறது இஸ்ரேல் கப்பலைன்னு டிவில சொல்றானுங்க. நம்ம சரக்கு போறது ராட்டர்டாமுக்கு. நமக்கு எதுக்குங்க இந்தத் தண்டம்?"

நியாயமான கேள்வி. அன்று அவருக்குப் பாதிதான் சொன்னேன். முழுதாகச் சொல்வதென்றால் இன்ஷூரன்ஸிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

கப்பலுக்கு எடுக்கும் சாதாரணக் காப்பீட்டில் போர் ஆபத்து சேராது. வார் ரிஸ்க் என்று அதற்குத் தனிப் பாலிசி. லண்டனில் ஜாயின்ட் வார் கமிட்டி என்று ஒன்று இருக்கிறது. எந்தெந்தக் கடல் ஆபத்தானது என்று அவர்கள் ஒரு பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள். அந்தப் பட்டியலில் உள்ள கடலுக்குள் நுழையும் முன் கப்பல் முதலாளி காப்பீட்டாளருக்குத் தகவல் சொல்லி, அந்த ஒரு பயணத்துக்காகக் கூடுதல் பிரீமியம் கட்ட வேண்டும். வழக்கமாக அது ஏழு நாளைக்குத்தான் செல்லும். 2023 இறுதியில் தாக்குதல் சூடுபிடிக்கும்வரை தெற்குச் செங்கடலுக்கு இந்தக் கூடுதல் பிரீமியம் கப்பல் மதிப்பில் 0.1 சதவீதம்கூட வராது. 2024 தொடக்கத்தில் அது 0.7 சதவீதம், 1 சதவீதம் என்று ஏறியது. 10 கோடி டாலர் மதிப்புள்ள ஒரு கப்பல் ஒரே ஒரு தடவை அந்தப் பக்கம் கடந்து போக 7 லட்சத்திலிருந்து 10 லட்சம் டாலர் ஆகும் என்று அர்த்தம். இதற்கு மேல் சூயஸ் கால்வாய்க் கட்டணம் வேறு. மாலுமிகளுக்கு இரட்டைச் சம்பளம் தர வேண்டும். அதுவும் அவர்கள் வர ஒப்புக்கொண்டால்தான். அந்தக் கடலுக்குள் வர மாட்டேன் என்று சொல்லும் உரிமை தொழிற்சங்க ஒப்பந்தத்திலேயே அவர்களுக்கு உண்டு.

மறுபக்கம், நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போனால் ஆசியாவிலிருந்து வட ஐரோப்பாவுக்குச் சுமார் 6,000 கிலோமீட்டர் கூடுதல். பத்து நாளிலிருந்து இரண்டு வாரம் தாமதம், அதற்கேற்ற எண்ணெய்ச் செலவு. இரண்டையும் எழுதிக் கூட்டிப் பார்த்தால் தொகை ஏறக்குறைய பக்கம் பக்கம் வந்து நிற்கும். ஒன்றில் கப்பலில் ஓட்டை விழும் வாய்ப்பு இருக்கிறது, இன்னொன்றில் இல்லை. இந்த நிலையில் எந்த முதலாளி செங்கடலைத் தேர்ந்தெடுப்பார்?

ஆகவே ஹூதிகள் கடலை மூட வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு கப்பலையும் அடிக்க வேண்டியிருக்கவில்லை. அந்தக் கணக்கை எழுதுகிறவரின் கையை நடுங்க வைத்தால் போதும். ஏவியதில் பெரும்பகுதியைக் கடற்படைகள் வானிலேயே சுட்டு வீழ்த்தின என்பது உண்மைதான். ஆனால் காப்பீட்டுக்காரருக்கு அது ஆறுதல் இல்லை. சுட்டு வீழ்த்தப்படாமல் வந்த ஒன்றுக்குத்தான் அவர் பணம் கொடுக்க வேண்டும்.

என் திருப்பூர்க்காரருக்கு வருகிறேன். கன்டெய்னர் கப்பல்கள் சுற்றிப் போனதால் ஒரு சுற்றுக்கு ஆகும் நாள் கூடியது. அதே வாராந்திர சர்வீஸை ஓட்ட இன்னும் இரண்டு மூன்று கப்பல் வேண்டும். இருப்பது இருக்கிற கப்பல்தான். இடம் குறைந்தது, விலை ஏறியது. ஷாங்காயிலிருந்து ராட்டர்டாமுக்கு 40 அடிப் பெட்டி ஒன்று 2023 நவம்பரில் சுமார் 1,200 டாலர். 2024 ஜூலையில் 8,000 டாலரைத் தாண்டியது. செங்கடல் பக்கமே போகாத சரக்குக்கும் விலை ஏறியது இதனால்தான். ஜெர்மனியில் டெஸ்லாவின் தொழிற்சாலை உதிரிபாகம் வராமல் 2024 ஜனவரி 29 முதல் பிப்ரவரி 11 வரை உற்பத்தியை நிறுத்தி வைத்தது. பனியனுக்கும் காருக்கும் வந்தது ஒரே வியாதி.

இனி இடம். செங்கடலின் தெற்கு வாசலாக இருக்கும் ஜலசந்தி பாப் எல்-மண்டேப். அந்தப் பெயருக்கு அரபியில் கண்ணீர் வாசல். மிகக் குறுகிய இடத்தில் 30 கிலோமீட்டர்கூட இல்லை. நடுவில் பெரிம் தீவு வேறு குந்தியிருக்கிறது. பலரும் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு: அந்த வாசல் ஹூதிகள் கையில் இல்லை. பெரிம் தீவும், பக்கத்துக் கரையில் இருக்கும் மோக்காவும் (காபிக்குப் பேர் கொடுத்த அதே மோக்கா) ஹூதிகளுக்கு எதிரான படைகள் வசம் இருக்கின்றன. ஹூதிகள் வைத்திருப்பது அதற்கு வடக்கே உள்ள ஹொதைதா துறைமுகமும் அதை ஒட்டிய கரையும், பின்னால் இருக்கும் மலைகளும். கப்பலை அடிக்கும் பாலிஸ்டிக் ஏவுகணை கையில் இருக்கும்போது வாசலில் நிற்க வேண்டிய அவசியம் என்ன? மாடியிலிருந்தே தெருவை மறிக்கலாம். அந்த வகை ஏவுகணையை உண்மையான சண்டையில் கப்பல்கள் மீது முதன்முதலில் பயன்படுத்தியவர்கள் ஒரு நாட்டின் கடற்படை அல்ல, இவர்கள்தான்.

இது தொடங்கியது 2023 நவம்பர் 19. கேலக்ஸி லீடர் என்ற கார் ஏற்றும் கப்பல் துருக்கியிலிருந்து குஜராத்தின் பிப்பாவாவ் துறைமுகத்துக்குக் காலியாக வந்துகொண்டிருந்தது. ஒரு ஹெலிகாப்டர் மேல்தளத்தில் இறங்கியது, துப்பாக்கியோடு ஆட்கள் குதித்தார்கள். வீடியோ அடுத்த நாளே உலகம் முழுக்கச் சுற்றியது. கப்பலின் உரிமையில் ஓர் இஸ்ரேலியத் தொழிலதிபருக்குப் பங்கு உண்டு என்பது காரணம். ஆனால் உள்ளே இருந்த 25 பேரில் ஒருவர்கூட இஸ்ரேலியர் இல்லை. பிலிப்பைன்ஸ், பல்கேரியா, ருமேனியா, உக்ரைன், மெக்ஸிகோவைச் சேர்ந்தவர்கள். 2025 ஜனவரி 22 வரை, ஒரு வருஷமும் இரண்டு மாதமும் அவர்களைப் பிடித்து வைத்திருந்தார்கள். கப்பலைக் கரையோரம் நங்கூரமிட்டு, உள்ளூர்க்காரர்கள் படகில் போய்ப் பார்த்துவிட்டு வரும் சுற்றுலாத் தலமாக்கினார்கள்.

அதற்கப்புறம் நடந்ததில் என் மனதில் நிற்பது ஒரு சின்னக் காட்சி. கப்பல்கள் ஏஐஎஸ் என்ற கருவி மூலம் தங்கள் பெயர், இடம், வேகம் எல்லாவற்றையும் ஒலிபரப்பிக்கொண்டே போகும். யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். எங்கள் ஆபீஸில் நாள் முழுக்க அந்த வரைபடம் ஒரு திரையில் ஓடிக்கொண்டிருக்கும். அதில் 'சேருமிடம்' என்ற கட்டத்தில் துறைமுகத்தின் பெயர் இருக்க வேண்டும். 2024 ஜனவரியில் செங்கடல் பக்கம் சொடுக்கிப் பார்த்தால், ஜெட்டா, சூயஸ் என்று இருக்க வேண்டிய இடத்தில் 'மாலுமிகள் எல்லாரும் சீனர்கள்', 'இஸ்ரேலோடு தொடர்பில்லை', 'ஆயுதக் காவலர்கள் உள்ளனர்' என்று எழுதிக்கொண்டு கப்பல்கள் போயின. லாரிக்குப் பின்னால் எழுதுவது போல. மூன்று லட்சம் டன் கப்பலும் ஊருக்குள் பயந்து நுழையும் வெளியூர்க்காரன் மாதிரி 'நான் அவன் இல்லை' என்று சொல்லிக்கொண்டு போக வேண்டியிருந்தது.

சொன்னாலும் பலிக்கவில்லை. 2024 மார்ச் 23-ல் ஹுவாங் பூ என்ற சீனருக்குச் சொந்தமான டேங்கரை அடித்தார்கள். ரஷ்யக் கச்சா எண்ணெயோடு குஜராத்தின் வாடினாருக்கு வந்துகொண்டிருந்த ஆண்ட்ரோமெடா ஸ்டாரை அடித்தார்கள். இதில் உச்சம் சீ சாம்பியன். அர்ஜென்டினாவிலிருந்து தானியம் ஏற்றி ஏமனின் ஏடன் துறைமுகத்துக்கே வந்த கப்பல் அது. ஏமன் மக்கள் சாப்பிடுவதற்காக வந்த தானியத்தை ஏமன்காரர்களே அடித்தார்கள். கப்பல் வியாபாரத்தில் உரிமையாளர் மாறுவது சர்வசாதாரணம். போன வருஷம் பிரிட்டிஷ் கம்பெனியிடம் இருந்தது இந்த வருஷம் வேறொருவரிடம் இருக்கும். பழைய பதிவேட்டை வைத்துக்கொண்டு குறிவைத்தால் இப்படித்தான் ஆகும். ஆனால் இந்தத் தவறுகள் ஹூதிகளுக்கு நஷ்டம் செய்யவில்லை. யார் தப்புவார், யார் மாட்டுவார் என்று சொல்ல முடியாமல் போனதால் பிரீமியம் எல்லோருக்கும்தான் ஏறியது.

சரி, கடற்படைகள் என்ன செய்தன? 2023 டிசம்பரில் அமெரிக்கா ஒரு கூட்டணி அமைத்தது. 2024 ஜனவரி 12 முதல் அமெரிக்காவும் பிரிட்டனும் ஏமனுக்குள்ளேயே குண்டு போட்டன. பிப்ரவரியில் ஐரோப்பிய ஒன்றியம் ஆஸ்பிடெஸ் என்ற பெயரில் தன் கப்பல்களை அனுப்பியது. 20 லட்சம் டாலர் ஏவுகணையால் சில ஆயிரம் டாலர் ட்ரோனைச் சுடுகிறார்கள் என்ற கிண்டல் அப்போது எல்லா இடத்திலும் ஓடியது. எனக்கு அந்த ஒப்பீடு அவ்வளவு சரியாகப் படவில்லை. ஏவுகணை காப்பாற்றுவது ட்ரோனின் விலையை அல்ல. 200 கோடி டாலர் நாசகாரிக் கப்பலையும் அதில் இருக்கும் முந்நூறு பேரையும். உண்மையான தலைவலி வேறு. அமெரிக்க நாசகாரி ஒன்றில் ஏவுகணைக் குழாய்கள் 90 சொச்சம்தான். தீர்ந்தால் நடுக்கடலில் நிரப்ப முடியாது. துறைமுகத்துக்குத்தான் திரும்ப வேண்டும். ஏவுகிறவன் பக்கத்து மலைக்குகையில் இருக்கிறான். யாருக்கு முதலில் கையிருப்பு தீரும்?

2025 மார்ச் 15-ல் டிரம்ப் இன்னும் பெரிய அளவில் தாக்குதலை ஆரம்பித்தார். ஏழு வாரம், நூறு கோடி டாலருக்கு மேல் செலவு. ட்ரூமன் என்ற விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து இரண்டு எஃப்-18 விமானங்கள் தனித்தனி விபத்தில் கடலில் விழுந்தன. மே 6-ல் ஓமன் நடுவில் நின்று சமாதானம் பேசியது: அமெரிக்கக் கப்பல்களை அடிப்பதில்லை, அமெரிக்கா குண்டு போடுவதில்லை. மற்ற நாட்டுக் கப்பல்களைப் பற்றிய பேச்சே அதில் இல்லை. இரண்டே மாதத்தில் அதற்கு விலை தெரிந்தது. ஜூலை 6-ல் மேஜிக் சீஸ் கப்பலைத் தாக்கி, பின்னர் மூழ்கடித்தார்கள். அதன் மாலுமிகள் தப்பினார்கள். அடுத்த நாள் எட்டர்னிட்டி சி. ஆளில்லாப் படகுகளாலும் ராக்கெட்டுகளாலும் இரண்டு நாள் விடாமல் அடித்தார்கள். உதவிக்கு ஒரு போர்க்கப்பலும் பக்கத்தில் இல்லை. கப்பலில் இருந்தவர்கள் 25 பேர். கடலில் மிதந்துகொண்டிருந்த 10 பேர் மீட்கப்பட்டார்கள். அவர்களில் இந்தியக் காவலர் ஒருவரும் உண்டு. சிலர் செத்தார்கள், மற்றவர்களை ஹூதிகள் பிடித்துக்கொண்டு போனார்கள். 2024-ல் மூழ்கிய ரூபிமார், டூட்டர், இப்போது இவை இரண்டும் சேர்த்து மூழ்கிய கப்பல் நான்கு.

இப்போது இரண்டாவது கேள்வி. ஈரான்.

ஹூதிகளை ஈரான் உருவாக்கவில்லை. வடக்கு ஏமனின் சாதா மலைப்பகுதியில் இருக்கும் ஜைதி ஷியாக்கள் இவர்கள். ஈரானில் இருக்கும் பன்னிரு இமாம் ஷியாவும் இதுவும் ஒன்றல்ல. ஜைதி இமாம்கள் அந்த மலைகளை ஏறத்தாழ ஆயிரம் வருஷம், இடையிடையே இடைவெளியோடு, ஆண்டவர்கள். 1962-ல் புரட்சி வந்து அது முடிந்தது. அதற்கப்புறம் ஒதுக்கப்பட்டோம் என்ற ஆத்திரம், சவூதிப் பணத்தில் தங்கள் ஊருக்குள்ளேயே சலஃபி என்ற கடும் சுன்னிப் பிரிவின் பள்ளிகள் வருகின்றன என்ற கோபம் எல்லாம் சேர்ந்து கிளம்பிய இயக்கம். 2004-ல் அதன் தலைவர் ஹுசைன் அல்-ஹூதியை அரசுப் படை கொன்றது. தம்பி அப்துல் மாலிக் பின்னர் தலைமைக்கு வந்தார். 2010-க்குள் அரசோடு ஆறு போர்கள். 2014 செப்டம்பரில் தலைநகர் சனாவைப் பிடித்தார்கள். 2015 மார்ச்சில் சவூதி தலைமையில் ஒரு கூட்டணி அவர்கள்மேல் பாய்ந்தது.

ஈரானின் கை வலுவாக நுழைந்தது அதற்கப்புறம்தான். ஈரானை ஏமனிலிருந்து விரட்டத் தொடங்கிய போர், ஈரானை ஏமனுக்குள் ஆழமாகக் கொண்டுவந்து விட்டது. ஐ.நா. பாதுகாப்பு சபை 2015 ஏப்ரலில் 2216-ம் தீர்மானத்தின் மூலம் ஹூதிகளுக்கு ஆயுதம் தரக்கூடாது என்று தடை போட்டது. அந்தத் தடையைக் கண்காணிக்கும் நிபுணர் குழு, உடைந்து விழுந்த ஏவுகணைத் துண்டுகளைப் பொறுக்கி ஆராய்ந்து, ஈரானியத் தயாரிப்போடு அச்சாக ஒத்துப்போகிறது என்று வருஷா வருஷம் எழுதுகிறது. பாகங்கள் சின்ன மரக்கலங்களில் அரபிக்கடல் வழியே வருகின்றன. 2024 ஜனவரி 11-ல் சோமாலியாவுக்கு அப்பால் அப்படி ஒரு மரக்கலத்தில் ஏறும்போது அமெரிக்கக் கடற்படையின் சிறப்புப் படையான சீல் வீரர்கள் இருவர் கடலில் மூழ்கிப் போனார்கள். உள்ளே ஏவுகணை பாகங்கள் இருந்தன. 2025 ஜூலையில் ஹூதி எதிர்ப்புப் படை ஒரே பிடியில் 750 டன் ஆயுதத்தைக் கைப்பற்றியதாக அறிவித்தது. எஞ்சின், வழிகாட்டும் கருவி போன்ற நுட்பமானவை வெளியிலிருந்து வரும். உடல்பாகத்தை உள்ளூரில் செய்துகொள்வார்கள். கிட்டத்தட்ட நம் ஊர் லாரி பாடி கட்டுகிற மாதிரி.

ஆக ஆயுதம் ஈரானுடையது, கோபம் சொந்தம். ஈரானுக்கு என்ன லாபம்? சவூதியையும் இஸ்ரேலையும் அமெரிக்காவையும் ஒரே நேரத்தில் குத்தலாம். திருப்பி அடிக்கிற அடி டெஹ்ரானில் விழாது, ஹொதைதாவில் விழும். ஹூதிகளுக்கு என்ன லாபம்? அவர்கள் ஆளும் பகுதியில் அரசு ஊழியர்களுக்கு 2016-லிருந்து ஒழுங்காகச் சம்பளம் கிடையாது. முணுமுணுப்பு இருந்தது. காஸாவுக்காகச் சண்டை போடுகிறோம் என்று கிளம்பியதும் வெள்ளிக்கிழமை தோறும் சனாவின் சதுக்கம் நிரம்பி வழிந்தது. சம்பளம் கேட்கிறவன் துரோகி ஆனான்.

யார் கையில் ரிமோட் என்று கேட்பவர்களுக்கு நான் ஒரு கால அட்டவணையைக் காட்டுவேன். 2025 ஜூன் 13-ல் இஸ்ரேல் ஈரானைத் தாக்கியது. 12 நாள் போர். கடைசியில் அமெரிக்காவும் குண்டு போட்டது. ஹூதிகள் வெறும் கைத்தடி என்றால் எஜமானின் வீடு எரியும்போது செங்கடலைப் பற்றவைத்திருக்க வேண்டும். அந்த 12 நாளில் கப்பல்மேல் கைவைக்கவில்லை. போர் முடிந்து பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துத்தான் அந்த இரண்டு கப்பல்களையும் மூழ்கடித்தார்கள். முன்னதாக 2025 ஜனவரியில் காஸா போர்நிறுத்தம் வந்ததும் நிறுத்தியது, மார்ச்சில் காஸாவுக்கு உணவு போவதை இஸ்ரேல் தடுத்ததும் மறுபடி மிரட்டியது, அக்டோபர் போர்நிறுத்தத்துக்குப் பின் மீண்டும் அடங்கியது எல்லாமே அவர்கள் வெளிப்படையாக அறிவித்த சொந்தக் கணக்குப்படி நடந்தவை. ஈரான் ஆயுதம் தந்தது, தகவல் தந்தது, பயிற்சி தந்தது. உத்தரவு தந்ததா என்றால், தர வேண்டிய தேவை பெரும்பாலும் இருந்திருக்காது என்பதே என் எண்ணம். கத்தியைத் தீட்டிக் கொடுத்தவன் எப்போது குத்தச் சொன்னான் என்று தேடுவதில் பயனில்லை.

சட்டம் இங்கேதான் மாட்டிக்கொள்கிறது. இதற்கு ஒரு பழைய கதை உண்டு. அதில் குற்றவாளிக் கூண்டில் நின்றது அமெரிக்கா. 1984 தொடக்கத்தில் நிகரகுவாவின் துறைமுகங்களில் கண்ணிவெடிகள் வெடித்தன. சோவியத் எண்ணெய்க் கப்பல் உள்பட பல நாட்டுக் கப்பல்கள் சேதமாயின. நாங்கள்தான் வைத்தோம் என்று, நிகரகுவா அரசை எதிர்த்து அமெரிக்க ஆதரவோடு போராடிய கான்ட்ரா கிளர்ச்சியாளர்கள் சொன்னார்கள். வைத்தது அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏ ஏற்பாடு செய்த ஆட்கள் என்பது சீக்கிரமே வெளிவந்தது. நிகரகுவா சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனது. 1986 ஜூன் 27-ல் தீர்ப்பு: கண்ணிவெடிக்கு அமெரிக்கா பொறுப்பு. ஆனால் கான்ட்ராக்கள் தாங்களாகச் செய்த அட்டூழியங்களுக்கு அமெரிக்கா பொறுப்பல்ல. காசு, ஆயுதம், பயிற்சி கொடுத்தது போதாது, அந்தந்தச் செயலின்மேல் நேரடிக் கட்டுப்பாடு இருந்ததாக நிரூபிக்க வேண்டும் என்றது நீதிமன்றம். இன்று அந்த அளவுகோல் ஈரானுக்கு நிழல் தருகிறது. வல்லரசுக்காக வெட்டிய வாய்க்காலில் மற்றவர்களும் தண்ணீர் பாய்ச்சிக்கொள்கிறார்கள்.

சுற்றியிருக்கும் நாடுகளுக்கு இதனால் என்ன ஆனது என்பதில் குண்டுச் சத்தத்தைவிட மௌனம்தான் கவனிக்கத் தக்கது. 2019 செப்டம்பர் 14-ல் சவூதியின் அப்கைக் எண்ணெய் ஆலை தாக்கப்பட்டது. ஒரே காலையில் நாளைக்கு 57 லட்சம் பீப்பாய், அதாவது சவூதி உற்பத்தியில் பாதி, நின்று போனது. ஹூதிகள் பொறுப்பேற்றார்கள், அமெரிக்காவும் சவூதியும் நேராக ஈரானைக் கைகாட்டின. 2022 ஜனவரி 17-ல் அபுதாபியில் ஹூதிகளின் தாக்குதலில் செத்தவர்கள் மூன்று பேர்: இரண்டு இந்தியர், ஒரு பாகிஸ்தானி. பிழைக்கப் போனவர்கள். அந்த ஏப்ரலில் ஏமனில் போர்நிறுத்தம் வந்தது. 2023 மார்ச்சில் பீஜிங்கில் சவூதியும் ஈரானும் கைகுலுக்கின. பிறகு செங்கடலில் அமெரிக்கா கூட்டணி கட்டியபோது அரபு நாடுகளில் வெளிப்படையாகப் பெயர் கொடுத்தது பஹ்ரைன் மட்டும். செங்கடலில் மிக நீளமான கரை வைத்திருக்கும் நாடுகளில் ஒன்றான சவூதி ஒதுங்கி நின்றது. எகிப்தைப் பாருங்கள்: சூயஸ் வருமானம் 2023-ல் 1,000 கோடி டாலருக்கு மேல், 2024-ல் சுமார் 400 கோடி. வயிற்றில் அடி விழுந்தும் அது சண்டைக்கு வரவில்லை. காஸாவின் பேரால் நடக்கும் ஒன்றை எதிர்த்துத் தன் மக்களிடம் பேச எந்த அரபு அரசாலும் முடியவில்லை என்பது ஒரு பாதி. அடுத்த அப்கைக் நம் வீட்டில் விழுமோ என்ற பயம் மறுபாதி.

கூட்டத்தோடு கூட்டமாகச் சோமாலியக் கடற்கொள்ளையர்களும் திரும்பி வந்தார்கள். கடற்படைகளின் கண் செங்கடலில் இருந்தபோது, 2023 டிசம்பரில் ரூயன் என்ற கப்பலைக் கடத்தினார்கள். மூன்று மாதம் கழித்து இந்தியப் போர்க்கப்பல் ஐஎன்எஸ் கொல்கத்தா துரத்திப் பிடித்து 35 கொள்ளையர்களை மும்பைக்குக் கொண்டுவந்தது. அதே கொல்கத்தாதான் 2024 மார்ச் 6-ல் ஹூதிகள் அடித்த ட்ரூ கான்ஃபிடன்ஸ் என்ற சரக்குக் கப்பல் எரிந்தபோது 21 பேரைக் காப்பாற்றியது. அதில் மாலுமிகள் மூன்று பேர் இறந்தார்கள். தப்பிய காவலர்களில் இலங்கையர் இருவர் உண்டு. இலங்கை அரசும் அந்த ஜனவரியில் செங்கடலுக்கு ஒரு கடற்படைக் கப்பலை அனுப்பப் போவதாகச் சொன்னது. இரண்டு வாரத்துக்கு 25 கோடி ரூபாய் ஆகும் என்றார் அப்போதைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க. திவாலாகி எழுந்துகொண்டிருந்த நாட்டுக்கு இது தேவையா என்று கொழும்பில் பலரும் கேட்டார்கள். ஆனால் சுற்றிப் போகும் கப்பல்கள் பெட்டி மாற்றிக்கொள்ள வந்ததில் கொழும்புத் துறைமுகத்துக்கு அந்த ஆண்டு நல்ல வேலை. தூத்துக்குடிப் பெட்டிகள் அங்கே இடம் கிடைக்காமல் வரிசையில் நின்ற நாட்களை நான் மறக்கவில்லை.

கப்பலோடு போகாத சேதமும் உண்டு. 2024 பிப்ரவரி 18-ல் அடிபட்ட ரூபிமார், 20,000 டன்னுக்கு மேல் உரத்தோடு இரண்டு வாரம் நங்கூரத்தை இழுத்துக்கொண்டே மிதந்தது. அந்த நங்கூரம் கடலடியில் மூன்று இணையக் கேபிள்களை அறுத்ததாகத்தான் பலரும் கணித்தார்கள். ஆசியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையே போகும் தரவில் கணிசமான பங்கு வேறு வழி தேட வேண்டி வந்தது. குறிவைத்தது ஒரு கப்பலை, அறுந்தது மூன்று கேபிள், கரைந்தது மீனவர் கடலில் உரம். அந்த மீனவர்களும் ஏமன்காரர்கள்தான்.

கப்பல்கள் எப்போது பழையபடி திரும்பும் என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் வாடிக்கையாளர்கள் என்னிடம் கேட்பது அதைத்தான். 2025 டிசம்பரில் மேர்ஸ்க் என்ற பெரிய கப்பல் கம்பெனி, ஏறக்குறைய இரண்டு ஆண்டுக்குப் பிறகு, ஒரே ஒரு கப்பலைச் செங்கடல் வழியே விட்டுப் பார்த்தது. ஆற்றில் கால்வைத்து ஆழம் பார்ப்பது போல. சண்டை நின்றதும் கப்பல் திரும்பிவிடும் என்று நினைப்பவர்களுக்குச் சோமாலியா ஒரு கணக்குச் சொல்லும். கடற்கொள்ளைக்காக இந்தியப் பெருங்கடலில் ஒரு பெரிய பரப்பை 'அதிக ஆபத்துப் பகுதி' என்று கப்பல் தொழில் அமைப்புகள் குறித்து வைத்திருந்தன. கொள்ளை 2012-க்குப் பிறகே வெகுவாகக் குறைந்துவிட்டது. அப்படியும் அந்தக் கோட்டை வரைபடத்திலிருந்து அழிக்கப் பத்து வருஷம் எடுத்துக்கொண்டார்கள். அழித்த தேதி 2023 ஜனவரி 1. கேலக்ஸி லீடரில் ஹெலிகாப்டர் இறங்கியது அதே ஆண்டு நவம்பரில்.